அப்நார்மல் கெயின்: ஒரு பி.காம் வகுப்பில் நிலைத்தன்மைப் பாடம் வேலையோடு சேர்ந்த கதை

எங்கிருந்து தொடங்கியது

திருப்பூருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம் மூன்றாம் ஆண்டுக்கு அடக்கவிலைக் கணக்கியல் நடத்துகிறேன். 2022 முதல் 2024 வரை எங்கள் துறையில் நடந்ததை, மற்றக் கல்லூரிகளில் வணிகவியல் நடத்துபவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். மாணவர்களையும் நிறுவனங்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். அப்பா நிட்டிங்கில், அம்மா செக்கிங்கில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை பேக்கிங் வேலைக்குப் போய் பஸ் காசைச் சேர்த்துக்கொள்ளும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. பனியன் கம்பெனி என்றால் என்ன என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை.

சுற்றுச்சூழலும் அவர்களுக்குப் புதிதல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு வரும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. எங்கள் மாணவர்கள் அப்போது இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். அப்பாவுக்கு மாதக்கணக்கில் வேலையில்லாமல் போனதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தாத்தாவுக்கு இருந்த தோட்டம் உப்பேறிப் போனதைச் சொல்பவர்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணை அது. நொய்யல் ஆற்றில் வந்த சாயக்கழிவு அதில் தேங்கியது. வழக்குப் போட்டவர்கள் விவசாயிகள்.

பாடத்திட்டத்திலும் இடம் இருந்தது. 1991இல் எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2003இல் மறுபடி வற்புறுத்திய பிறகு எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் ஆறு மாதப் பாடம் ஒன்றைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்துக் கொடுத்தது. எங்கள் கல்லூரியில் அது முதலாமாண்டில் நான்காம் பகுதியில் வரும். உணவுச் சங்கிலி, ஓசோன், பல்லுயிர். எழுதித் தேர்ச்சி பெற்றுவிடுவார்கள். மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது, வணிகவியலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டோம். நானும் சொன்னதில்லை.

நேர்காணலில் கண்டது: பிப்ரவரி 2022

ஒரு ஏற்றுமதி நிறுவனம், விதிகளும் தரச்சான்றுகளும் சரியாகப் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு ஆள் எடுக்க வந்தது. ஊரில் சஸ்டெயினபிலிட்டி, கம்ப்ளையன்ஸ் இரண்டும் பெரும்பாலும் ஒரே மேஜையில்தான் இருக்கும். வெளிநாட்டு பையர் அனுப்பும் கேள்விப் படிவங்கள், ஆடிட், சான்றிதழ் புதுப்பிப்பு எல்லாம் அங்கேதான். துறையின் சார்பில் நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

வந்த அதிகாரி எல்லோரிடமும் ஒரே கேள்வியில் தொடங்கினார்: "சஸ்டெயினபிலிட்டின்னா என்னங்க?" வரப்போகும் தலைமுறையின் தேவையைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்று, 1987இல் ஐ.நா. ஆணையம் கொடுத்த வரையறையை வரி பிசகாமல் பலரும் சொன்னார்கள். சிலர் என்.எஸ்.எஸ். முகாமில் மரம் நட்டதைச் சொன்னார்கள். அடுத்து அவர் பையிலிருந்து ஒரு இபி பில்லை எடுத்து வைத்தார். "இந்த மாசம் இந்த ஃபேக்டரி எவ்வளவு கார்பன் விட்டிருக்குன்னு இதை வெச்சு சொல்ல முடியுமா?" ஒருவராலும் முடியவில்லை. என் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பெண் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கார்பன்னு எதுவும் போடலையே சார்" என்றாள்.

யாரையும் எடுக்கவில்லை. போகும்போது அவர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "பசங்க நல்ல பசங்க மேடம். எனக்குச் சூழலியல் தெரிஞ்ச ஆள் வேண்டாம். கணக்கை ஒட்டிப் பார்க்கத் தெரிஞ்ச ஆள் வேணும்." கணக்கை ஒட்டிப் பார்ப்பது, அதாவது ஒரு கணக்கை இன்னொன்றோடு வைத்துச் சரிபார்ப்பதுதான் மூன்று ஆண்டுகளாக நாங்கள் சொல்லிக்கொடுப்பது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

முதல் முடிவு: தனியாக ஒரு சான்றிதழ் வகுப்பு

2022-23இல் 30 மணி நேரச் சான்றிதழ் வகுப்பு ஒன்றைத் தொடங்கினோம். அந்த நேரத்தில் அதற்குக் காரணங்கள் இருந்தன. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் 1000 நிறுவனங்கள், பொறுப்பான வணிகமும் நிலைத்தன்மையும் குறித்த அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி சொன்னது அந்த நிதியாண்டிலிருந்துதான். சரக்கு தருபவர்களிடமும் மனித உரிமை, சுற்றுச்சூழல் மீறல்கள் இல்லையா என்று பெரிய நிறுவனங்கள் பார்க்க வேண்டும் என்னும் ஜெர்மனியின் வழங்கல் சங்கிலிச் சட்டமும் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. திருப்பூர் கம்பெனிகள் பெரும்பாலும் பட்டியலிடாதவை. செபி விதி அவற்றை நேராகத் தொடாது. ஆனால் அவற்றிடம் சரக்கு வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

வகுப்பு தேறவில்லை. நடத்தியது சனிக்கிழமை மதியம். வேலைக்குப் போகும் பிள்ளைகள் வரவில்லை, வேலை மிகவும் தேவைப்பட்டவர்களும் அவர்கள்தான். வந்தவர்களுக்குச் சிறப்புச் சொற்பொழிவுகள் கிடைத்தன. அறிக்கையின் ஒன்பது கோட்பாடுகளையும் மனப்பாடம் செய்தார்கள். 2023 பிப்ரவரியில் இன்னொரு நிறுவனம் வந்தபோது, போன ஆண்டைவிட நீளமான வரையறைகள் கிடைத்ததே பலன்.

இரண்டாவது முடிவு: அடக்கவிலைக் கணக்குக்குள்ளேயே

2023 ஜூனில் துறைக் கூட்டத்தில் நான் வைத்த யோசனை இதுதான்: புதுப் பாடம் வேண்டாம். தன்னாட்சி இல்லாத எங்களால் பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட மாற்ற முடியாது. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு வழியாகப் போனால் இந்தப் பிள்ளைகள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். ஆனால் அக மதிப்பீட்டுக்கு என்ன அசைன்மென்ட் தருவது என்பது எங்கள் கையில் இருக்கிறது. ஏற்கெனவே நடத்தும் கணக்குகளையே, ஊரில் ஓடும் நிஜச் சரக்கை வைத்து நடத்துவோம்.

மூத்த ஆசிரியர் ஒருவர் எதிர்த்தார். "தேர்வுக்கு இது வராது. பிள்ளைகள் அரியர் வைத்தால் யார் பதில் சொல்வது?" நியாயமான கவலை. அதனால் ஒரு எல்லை வைத்துக்கொண்டோம்: பாடத்திட்டத்தில் இல்லாத எதையும் அசைன்மென்ட்டில் கேட்பதில்லை. இந்தக் கட்டுப்பாடு எங்களுக்கு நன்மையாகவே முடிந்தது. ஒவ்வொரு தலைப்புக்கும், இதற்கும் அந்த கம்ப்ளையன்ஸ் மேஜைக்கும் என்ன தொடர்பு என்று நாங்கள் தேட வேண்டி வந்தது.

முதலில் கிடைத்தது பிராசஸ் அக்கவுண்ட்: உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே போன சரக்கையும் வெளியே வந்ததையும் அளவோடும் விலையோடும் எழுதும் கணக்கு. ஆகஸ்டில் ஒரு காலை வகுப்பு. காட்ஸ் என்று ஊரில் சொல்லும் உலக ஆர்கானிக் ஜவுளித் தரச்சான்றை எடுத்துக்கொண்டேன். துணியில் 95 சதவீதமாவது ஆர்கானிக் நூல் இருந்தால்தான் 'ஆர்கானிக்' என்று லேபிள் போடலாம். சரக்கு கை மாறும்போது டிசி எனப்படும் ட்ரான்சாக்‌ஷன் சர்டிஃபிகேட் கூடவே போகும். டிசி என்றதும் பிள்ளைகள் கல்லூரி மாற்றுச் சான்றிதழ் என்றுதான் நினைத்தார்கள்.

கரும்பலகையில் கணக்கைப் போட்டேன். டிசியோடு வந்த ஆர்கானிக் நூல் 5,000 கிலோ. நிட்டிங்கில் 2 சதவீதம் போகும்: 4,900. சாயம் ஏற்றி, துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பேக்டிங் முடியும்வரை 8 சதவீதம்: 4,508. கட்டிங் வேஸ்ட் 15 சதவீதம்: சுமார் 3,832 கிலோ. ஒரு டீ ஷர்ட் 160 கிராம் என்றால் ஏறத்தாழ 23,950 பீஸ். சதவீதங்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஃபேக்டரிக்கு ஃபேக்டரி, துணிக்குத் துணி மாறும். கம்பெனி ஆர்கானிக் என்று அனுப்பியது 26,000 பீஸ். "இப்ப அக்கவுண்ட்டை முடிங்க" என்றேன்.

எல்லோரும் தயங்காமல் மிச்சத்தை அப்நார்மல் கெயின் என்று போட்டார்கள். பாடப்புத்தகப்படி சரிதான். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உற்பத்தி வந்தால் அது ஆதாயம். லாப நட்டக் கணக்குக்குப் போகும். பின்வரிசையில் ஒரு பையன் மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மாலையில் கட்டிங் மேஜையில் வேலை செய்பவன். "மேடம், நூல் எப்படி மேடம் அதிகமாகும்? வேற நூலைச் சேர்த்திருக்காங்க" என்றான்.

வகுப்பே ஒரு கணம் அமைதியானது. 2,000 பீஸுக்கு மேல் சாதாரணப் பருத்தி ஆர்கானிக் லேபிளோடு போயிருக்கிறது. புத்தகத்தில் ஆதாயம் என்று எழுதுவது, சான்றிதழ் மேஜையில் கலப்படத்துக்கான அடையாளம். காட்ஸ் ஆடிட்டர் அளவை ஒட்டிப் பார்ப்பது என்று சொல்வது இதைத்தான். பிராசஸ் அக்கவுண்ட்டின் அளவுப் பத்தி தவிர அது வேறொன்றுமில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கணக்கை நடத்தியிருக்கிறேன். அதன் முழு அர்த்தம் எனக்கும் அன்றுதான் பிடிபட்டது.

இபி பில்லும் டீசல் லாக்புக்கும்

அப்புறம் பழைய கேள்விக்கு வந்தோம். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் தரவுப்படி, நம் கிரிட் மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.68 கிலோ. மாதம் 40,000 யூனிட்டும் ஜெனரேட்டருக்கு 500 லிட்டர் டீசலும் செலவாகும் தையல் ஃபேக்டரி என்றால் 28 டன்னும் 1.34 டன்னும், ஆக 29.34 டன். அந்த மாதம் இரண்டு லட்சம் பீஸ் தைத்திருந்தால் பீஸுக்கு ஏறக்குறைய 147 கிராம். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். 2022இல் அந்தப் பெண் பில்லில் தேடிய எண் இதுதான்.

கணக்கைவிட அதிக நேரம் எடுத்தது, அந்த 147 கிராமில் எது சேரவில்லை என்று எழுதச் சொன்னது. நூல் மில், சாயப்பட்டறை, துறைமுகம் வரை போகும் லாரி என்று ஒவ்வொன்றாக வந்தன. சாயப்பட்டறை வந்ததும் பேச்சு நீண்டது. 2011க்குப் பிறகு கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். நீரில் பெரும்பகுதி பட்டறைக்கே திரும்புகிறது. ஆற்றுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் காய்ச்சுவதற்கு எரிபொருளும் மின்சாரமும் வேண்டும், கடைசியில் யாருக்கும் வேண்டாத கலப்பு உப்பு மிஞ்சுகிறது. தண்ணீர்க் கணக்கில் லாபம், கார்பன் கணக்கில் செலவு. "அப்ப எது நல்லது மேடம்?" என்று கேட்டார்கள். நொய்யல் கரையில் இருக்கும் நமக்கு ஆறுதான் முதலில் என்று என் கருத்தைச் சொன்னேன். இரண்டு எண்களையும் அறிக்கையில் காட்ட வேண்டும் என்றும் சொன்னேன்.

ஒவ்வொரு குழுவும் இரண்டு பக்கத்தில் குறிப்பு எழுதி, வெளியிலிருந்து வரும் ஒரு கம்ப்ளையன்ஸ் அலுவலர் முன் பத்து நிமிடம் விளக்க வேண்டும். விளக்கம் தமிழில் இருக்கலாம், குறிப்பு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழ்வழியில் வந்தவர்கள் இதில் திணறினார்கள். படிவங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை மட்டும் ஆங்கில ஆசிரியர் தனியாக எடுத்துக் கொடுத்தது கைகொடுத்தது.

காற்றாலை விவகாரம்: அக்டோபர் 2023

ஒரு நிறுவனம் தன் இரண்டு ஃபேக்டரிகளின் ஓராண்டு இபி பில்களையும் பையருக்கு அனுப்பிய விவரத் தாள்களையும் பெயரை மறைத்துத் தந்திருந்தது. உரிமையாளருக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. இந்தப் பக்கத்தில் அது சாதாரணம். இரண்டு தாள்களிலும் மின்சாரத்தில் பெரும்பகுதி காற்றாலையிலிருந்து என்று இருந்தது. மூன்று மாணவிகள் பில்களை மாதவாரியாக அடுக்கிப் பார்த்தார்கள். காற்றாலை யூனிட்டுகள் ஒரு ஃபேக்டரியின் மின் இணைப்பில், அதன் பில்லில் மட்டுமே கழிக்கப்பட்டிருந்தன. அதே யூனிட்டுகளை இன்னொரு ஃபேக்டரியின் தாளிலும் காட்டியிருக்கிறார்கள்.

வேண்டுமென்றே செய்ததா, இரண்டு தாளையும் ஒரே ஆள் நகலெடுத்து நிரப்பியதா என்று எங்களுக்குத் தெரியாது. மாணவிகள் குறிப்பில் அப்படியே எழுதி, எல்லோர் முன்னாலும் விளக்கிவிட்டார்கள். நிறுவனத்தின் சார்பில் வந்தவர் முகம் மாறியது. அடுத்த வாரம், இனித் தரவு தர இயலாது என்று போன் வந்தது.

தவறு என்னுடையது. மாணவிகள் செய்தது முழுக்கச் சரி. ஆனால் அப்படி ஒன்று வெளிப்பட்டால் யாரிடம் முதலில் சொல்வது, எந்த வடிவில் சொல்வது என்று தரவு வாங்கும்போதே பேசி எழுதி வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு பக்க ஒப்பந்தம் செய்துகொண்டோம்: முரண்பாடு தெரிந்தால் பொதுவில் விளக்கும் முன் நிறுவனத்துக்கு எழுத்தில் போகும், விளக்கம் தர ஒரு வாரம் உண்டு, ஆனால் மாணவர் குறிப்பிலிருந்து அதை நீக்கச் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி வரியால் வேறு இரண்டு நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. பரவாயில்லை என்று முடிவெடுத்தோம். முரண்பாட்டை மறைக்கச் சொல்லிக்கொடுத்து ஒரு வேலை வாங்கித்தருவது எங்கள் வேலை இல்லை.

2024 பிப்ரவரி

நேர்காணலில் பில்லை எடுத்து வைத்தபோது பிள்ளைகள் முதலில் கேட்டது, "இதுல காற்றாலை அட்ஜஸ்ட்மென்ட் இருக்குங்களா?" என்று. கம்ப்ளையன்ஸ், சான்றிதழ் ஆவணம் தொடர்பான வேலைகளுக்கு அந்த ஆண்டு எடுக்கப்பட்டவர்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் முன்பு ஒருவரும் இல்லை. பின்வரிசைப் பையன் அதில் ஒருவன். இது எங்கள் பாடத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு எங்களைத் தேடி வந்த நிறுவனங்களும் கூடுதல்.

ஊதியம் நான் நினைத்ததைவிடக் குறைவு. மெர்ச்சன்டைசிங்கில் சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் அது தெரியும். இரண்டு பேரை முழு நேரமும் போர்ட்டலில் எண் ஏற்றும் வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். அரியர் கூடவில்லை, மூத்த ஆசிரியரின் கவலை அந்த வகையில் தீர்ந்தது.

ஆகஸ்ட் 2024: ஒரு போன்

ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் சிறிய நிறுவனத்தில் சேர்ந்த மாணவி ஒருத்தி இரவு எட்டரை மணிக்குக் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. நான்கு நாளில் ஆடிட். ஜெனரேட்டர் டீசல் லாக்புக் நான்கு மாதமாக எழுதப்படவில்லை. சூப்பர்வைசர் புது நோட்டு ஒன்றையும் நாலைந்து பேனாக்களையும் மேஜையில் வைத்து, "வேற வேற பேனாவுல எழுதும்மா, தேதி மாத்தி மாத்திப் போடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "நான் என்ன மேடம் பண்றது?"

எழுதாதே என்று உடனே சொல்லிவிடலாம். சொன்னேன். சொன்ன பிறகுதான், நான் என் வீட்டில் உட்கார்ந்து சொல்கிறேன், அவள் வீட்டு வாடகை அந்தச் சம்பளத்தில் போகிறது என்று உறைத்தது. அப்புறம் இருவரும் சேர்ந்து என்ன செய்யலாம் என்று பார்த்தோம். பங்க் பில்கள் அக்கவுண்ட்ஸில் இருக்கும். ஜெனரேட்டரில் அது எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டர் இருக்கும். கடைசியாக எழுதிய நாளின் மீட்டர் அளவையும் இன்றைய அளவையும் எடுத்து, டீசல் பில்களோடு ஒட்டிப் பார்த்து, மாதவாரியாக ஒரு தாள் தயாரிக்கலாம். தலைப்பிலேயே 'மதிப்பீடு' என்று எழுத வேண்டும். லாக்புக் இந்த நான்கு மாதம் பராமரிக்கப்படவில்லை என்று ஒரு வரி. இன்று முதல் தினமும் எழுத வேண்டும்.

அவள் அந்தத் தாளோடு நேராக மேனேஜரிடம் போனாள். அவர் ஏற்றுக்கொண்டார். ஆடிட்டர் குறை என்று பதிவு செய்து, திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்தார். ஆர்டர் எதுவும் போகவில்லை. ஆனால் சூப்பர்வைசர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சின்னச் சின்ன நெருக்கடிகள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டாள். இன்னொரு நிறுவனத்தில் சேரும்வரை ஆறு வாரம் சம்பளம் இல்லை. அந்த ஆறு வாரத்தை நான் எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

ஒட்டிப் பார்க்கத் தெரிந்தவரிடம்தான் ஒட்டவைக்கவும் சொல்வார்கள். கணக்கைச் சொல்லிக்கொடுத்தபோது நான் இதை யோசிக்கவில்லை. அடுத்த தொகுதிக்கு இதையும் பாடத்திலேயே வைத்தேன். பொய்யாக எழுதச் சொன்னால் முதலில் யாரிடம் போவது, எழுத்தில் எதை வைத்துக்கொள்வது, எப்படிப் பேசினால் எதிரிலிருப்பவர் தப்பித்துக்கொள்ள ஒரு வழி இருக்கும் என்று நடித்துப் பார்க்கிறார்கள். அந்த மாணவியே ஒரு நாள் வந்து பேசினாள்.

நேர்காணலுக்கு வரும் நிறுவனங்களிடம் வேலை விவரத்தை எழுத்தில் கேட்கிறோம், எண் ஏற்றும் வேலை எவ்வளவு என்பது உட்பட. முதலாமாண்டுச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துபவரோடு இனிமேல்தான் உட்கார்ந்து பேச வேண்டும். ஓசோனோடு சேர்த்து நொய்யலும் அங்கே வர வேண்டும் என்பது என் ஆசை. ஃபேக்டரிக்கு மாணவர்களை அழைத்துப்போவது இன்னும் சரியாக அமையவில்லை. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் போனால் பெண் பிள்ளைகளுக்கு ஊர் திரும்ப பஸ் இல்லை.

இந்த ஆண்டு அடக்கவிலை வகுப்பின் முதல் அசைன்மென்ட்டாக, நான்கு மாதம் காலியாகக் கிடக்கும் ஒரு லாக்புக்கின் நகல், பங்க் பில்கள், மணி மீட்டரின் இரண்டு அளவுகள் ஆகியவற்றைக் கொடுத்தேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "நடுவுல மீட்டர் ரிப்பேராகி நின்னுருந்தா, எந்த நாள்லேர்ந்து நின்னுச்சுன்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கறது?" பில் தேதி, மின்வெட்டு நாள், மெக்கானிக் வந்த ரசீது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பீரியட் முடிந்தது.